ஐ.நா. பட்டியலில் பெயர் வந்தால் எந்த நீதிமன்றம் கேட்கும்?

2001 அக்டோபர் 17 அன்று சவூதி அரேபியத் தொழிலதிபர் யாசின் அப்துல்லாஹ் காதியின் பெயர் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடைப்பட்டியலில் ஏறியது. அவருக்கு நோட்டீஸ் வரவில்லை. குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. சில நாட்களில் ஐரோப்பாவில் அவருடைய சொத்துகளும் வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன. என்ன குற்றம், என்ன ஆதாரம், யார் சொன்னது என்று கேட்பதற்கு ஐ.நா.வில் அவருக்கு ஒரு மேசைகூட இல்லை.

காதி என்றால் நீதிபதி என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரைக் கொண்ட மனிதர், தன்னுடைய வழக்கைக் கேட்க ஒரு நீதிபதி கிடைப்பாரா என்று ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஐரோப்பிய நீதிமன்றங்களின் படியேறினார். அந்த வழக்கு இன்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். காதி நல்லவரா கெட்டவரா என்பது அங்கே பாடமல்ல. நாடுகளுக்கு மேலே இருக்கும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த ஓர் அரசியலமைப்பு உண்டா என்பதுதான் பாடம்.

அரசியலமைப்பு என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். அது அதிகாரத்தை உருவாக்குகிறது, பிரித்துக் கொடுக்கிறது, அதற்கு வரம்பும் கட்டுகிறது. 1789-ஆம் ஆண்டின் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனம் தனது 16-ஆவது பிரிவில் இதற்கு ஒரு சோதனையே வைத்தது. உரிமைகளுக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே இல்லை என்பது அதன் கருத்து. நம் நாட்டில் அரசு ஒருவருடைய உரிமையைப் பறித்தால் 32-ஆவது பிரிவின்படி அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் இந்தப் பிரிவுதான் என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதும் அதனால்தான். உரிமைகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அவற்றைக் கேட்டு வாங்க ஒரு வாசல் வேண்டும்.

இந்த அளவுகோலை ஐ.நா.வுக்கு வைத்துப் பார்க்கலாமா? வைக்கலாம் என்ற சிந்தனை புதிதல்ல. ஆஸ்திரியச் சட்ட அறிஞர் ஆல்ஃபிரட் ஃபெர்ட்ராஸ் 1926-லேயே சர்வதேசச் சட்ட சமூகத்தின் அரசியலமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் ஜெர்மானிய அறிஞர் பார்டோ ஃபாஸ்பெண்டர், ஐ.நா. சாசனம் வெறும் ஒப்பந்தமல்ல, உலக சமூகத்தின் அரசியலமைப்பு என்றே வாதிட்டார். அவர் பக்கம் வலுவான சான்றுகள் உண்டு. சாசனம் நம் அரசியலமைப்பைப் போலவே மக்களின் பெயரால் தொடங்குகிறது. அதன் 103-ஆவது பிரிவு, சாசனக் கடமையும் வேறு ஒப்பந்தக் கடமையும் மோதினால் சாசனமே மேல் என்கிறது. 25-ஆவது பிரிவின்படி பாதுகாப்புச் சபையின் முடிவுகளை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்று நடத்தியாக வேண்டும். 1945-ல் 51 நாடுகளோடு தொடங்கிய அமைப்பில் இன்று 193 நாடுகள் இருக்கின்றன.

ஆனால் பிரெஞ்சுப் பிரகடனத்தின் சோதனையை வைத்தால் கதை மாறுகிறது. பாதுகாப்புச் சபையில் 15 உறுப்பினர்கள். அவர்களில் ஐவருக்கு வீட்டோ. அந்த ஐவரும் சம்மதிக்காமல் சாசனத்தைத் திருத்தவும் முடியாது என்று 108-ஆவது பிரிவு சொல்கிறது. சர்வதேச நீதிமன்றம் தி ஹேக்கில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே வழக்காடும் தகுதி நாடுகளுக்கு மட்டுமே. தனிமனிதர் போக முடியாது.

நாடுகள் போனாலும் விடை கிடைத்துவிடவில்லை. லாக்கர்பி விமான வெடிகுண்டு விவகாரத்தில் லிபியா 1992-ல் அந்த நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பாதுகாப்புச் சபை லிபியா மீது தடை விதித்துத் தீர்மானம் போட்டுவிட்டது. நீதிமன்றம் 103-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. 2003-ல் வழக்கே திரும்பப் பெறப்பட்டது. பாதுகாப்புச் சபையின் முடிவை நீதிமன்றம் ஆராயலாமா என்ற கேள்வி பதில் இல்லாமலே நின்றுபோனது.

லிபியா ஒரு நாடு. பேச அதற்குத் தூதர்கள் இருந்தார்கள். பாதுகாப்புச் சபை நாடுகளை விட்டுவிட்டுத் தனி மனிதர்களைப் பெயர் சொல்லித் தண்டிக்கத் தொடங்கியபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது.

1267 பட்டியல்

1999 அக்டோபரில் தாலிபான்கள் மீது தடை விதித்துப் பாதுகாப்புச் சபை தீர்மானம் 1267-ஐ நிறைவேற்றியது. 2000 டிசம்பரில் வந்த தீர்மானம் 1333 அதை உஸாமா பின் லாதினுக்கும் அவரோடு தொடர்புடையவர்களுக்கும் நீட்டியது. ‘தொடர்புடையவர்’ யார் என்பதை முடிவு செய்ய, பாதுகாப்புச் சபையின் அதே 15 நாடுகளும் அமர்ந்த ஒரு குழு. ஒரு நாடு ஒரு பெயரை முன்மொழியும். தொடக்க காலத்தில் 48 மணி நேரத்துக்குள் வேறு எந்த நாடும் மறுப்புச் சொல்லாவிட்டால் பெயர் ஏறிவிடும். சேர்ப்பதற்கு மௌனம் போதும். நீக்குவதற்கோ 15 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் ஏறியவருடைய பணம் உலகம் முழுவதும் முடங்கும், பயணம் தடைப்படும், ஆயுத வணிகமும் தடை. வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் மருந்துக்கும் பணம் எடுக்க விலக்கு அளிக்கும் தீர்மானம் 1452 வந்ததே 2002 டிசம்பரில்தான். இது தண்டனையல்ல, முன்னெச்சரிக்கை நடவடிக்கை என்று ஐ.நா. சொல்லிவந்தது. ஆண்டுக்கணக்கில் முடிவே இல்லாமல் நீளும் ஒன்றை முன்னெச்சரிக்கை என்று அழைப்பதை நம்மால் ஏற்க முடியவில்லை. பிற்பாடு ஐரோப்பிய நீதிமன்றமும் அதே சந்தேகத்தை எழுப்பியது.

அல் பரகாத் என்ற பெயரும் அந்த நாட்களில் அடிபட்டது. 1991-ல் சோமாலியாவின் மத்திய அரசு சரிந்தபின் அங்கே வங்கி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் உழைத்தவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப நம்பியிருந்த பெரிய நிறுவனம் அல் பரகாத். உண்டியல் வழியாகப் பணம் அனுப்பியும் பெற்றும் பழகிய நம் குடும்பங்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. 2001 நவம்பர் 7 அன்று அமெரிக்கா அதை முடக்கியது. இரண்டே நாளில் அது ஐ.நா. பட்டியலுக்கும் வந்தது. ஸ்வீடனில் அதை நடத்திவந்த சோமாலிய வம்சாவளி ஸ்வீடன் குடிமக்கள் மூவரின் பெயர்களும் ஏறின. 2004-ல் செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையத்தின் அலுவலர்கள், அந்தத் தாக்குதலுக்கு அல் பரகாத் பணம் கொடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். விமானக் கடத்தல்காரர்களின் பணம் சாதாரண வங்கிப் பரிமாற்றங்கள் வழியாகவே வந்திருந்தது.

எகிப்தில் பிறந்து இத்தாலியக் குடியுரிமை பெற்ற யூசுஃப் நதாவின் நிலைமை இன்னும் விசித்திரமானது. அவர் வாழ்ந்த காம்பியோனே இத்தாலிக்குச் சொந்தமான ஊர். ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுவிட்சர்லாந்து. பரப்பு வெறும் 1.6 சதுர கிலோமீட்டர். 2001 நவம்பரில் பட்டியலில் ஏறிய அவருக்குச் சுவிட்சர்லாந்து வழியாகப் போகும் அனுமதி பின்னர் ரத்தானது. எழுபது வயதைக் கடந்த, நோய்கள் கொண்ட மனிதர் மருத்துவரைப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும் ஊரைத் தாண்ட முடியாமல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே அடைபட்டார். சுவிஸ் அரசு வழக்கறிஞர் அவர்மீது நடத்திய விசாரணை ஆதாரம் இல்லாமல் 2005-லேயே மூடப்பட்டது. பட்டியலில் பெயர் மட்டும் 2009 வரை இருந்தது. சுவிஸ் உச்ச நீதிமன்றம், ஐ.நா. தீர்மானத்தை மீற நமக்கு அதிகாரமில்லை என்று 2007-ல் கைவிரித்துவிட்டது. 2012 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்து அவருடைய குடும்ப வாழ்வுக்கான உரிமையையும் முறையீட்டு உரிமையையும் மீறியது என்று தீர்ப்பளித்தது. விசாரணை மூடப்பட்டதைக்கூட சுவிஸ் அரசு 2009 வரை ஐ.நா. குழுவுக்குத் தெரிவிக்கவில்லை என்பதை நீதிபதிகள் குறிப்பிட்டுச் சொன்னார்கள்.

காதியின் வழக்கு

காதியால் ஐ.நா. மீது வழக்குப் போட முடியாது. ஆனால் ஐ.நா. தீர்மானம் தானாக வங்கிக்குள் நுழைந்து கணக்கை முடக்குவதில்லை. அதை நிறைவேற்ற ஒவ்வொரு நாடும் சொந்தச் சட்டம் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்காக ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. காதியின் வழக்கறிஞர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்தே லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

முதல் சுற்றில் தோல்வி. 2005 செப்டம்பரில் ஒன்றியத்தின் முதல்நிலை நீதிமன்றம், 103-ஆவது பிரிவின்படி சாசனமே உயர்ந்தது, எனவே தீர்மானத்தை நிறைவேற்றும் சட்டத்தை நாங்கள் ஆராய்வது தீர்மானத்தையே ஆராய்வதாகிவிடும் என்றது. ஒரே ஒரு விதிவிலக்கு. சித்திரவதை, அடிமைமுறை, இனப்படுகொலை போன்றவற்றைத் தடுக்கும், எந்த நாடும் எந்நிலையிலும் மீறக்கூடாத அடிப்படை நெறிகளைப் பாதுகாப்புச் சபையும் மீற முடியாது. அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்று மனு தள்ளுபடியானது. ஐ.நா. சாசனத்தை உலக அரசியலமைப்பாக ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு இது. உலக ஒழுங்கை மதித்தது, மனுதாரரை வெறுங்கையோடு அனுப்பியது.

மேல்முறையீட்டில் 2008 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தலைகீழாக்கியது. ஐ.நா. தீர்மானத்தை நாங்கள் தொடவில்லை, எங்கள் சட்டத்தை மட்டுமே ஆராய்கிறோம் என்றது. ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின் பெயரால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியலமைப்புக் கோட்பாடுகளைக் கைவிட முடியாது, அடிப்படை உரிமைகள் அவற்றில் சேர்ந்தவை என்றது. காரணம் சொல்லப்படவில்லை, தரப்பைக் கேட்கவில்லை, நீதிமன்றப் பாதுகாப்பு இல்லை, சொத்துரிமை நியாயமின்றிப் பறிக்கப்பட்டது. காதிக்கும் அல் பரகாத் அறக்கட்டளைக்கும் பொருந்தும் அளவில் அந்தச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் குறையைச் சரிசெய்ய மூன்று மாத அவகாசம் தந்து, அதுவரை முடக்கம் தொடரலாம் என்றது.

அந்த அவகாசத்தில் ஐரோப்பிய ஆணையம் செய்த வேலை வேடிக்கையானது. ஐ.நா. குழுவிடமிருந்து ஒரு சுருக்கக் குறிப்பை வாங்கிக் காதிக்கு அனுப்பியது. அவருடைய பதிலையும் பெற்றுக்கொண்டது. 2008 நவம்பர் கடைசியில் பெயரை மறுபடி சேர்த்துவிட்டது. மீண்டும் வழக்கு. 2010-ல் காதிக்கு வெற்றி. மீண்டும் மேல்முறையீடு. 2013 ஜூலை 18 அன்று இறுதித் தீர்ப்பு. சொல்லப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவை பதிலளிக்கும் அளவுக்குத் தெளிவானவைதான், ஆனால் அவற்றை நிறுவ எந்தத் தகவலும் ஆதாரமும் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. நீதிமன்ற ஆய்வு பெயரளவில் இருந்தால் போதாது, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் உண்டா என்று பார்க்கும் ஆய்வாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தீர்ப்பின் சாரம். அதற்குள் 2012 அக்டோபரிலேயே ஐ.நா. அவருடைய பெயரை நீக்கிவிட்டிருந்தது.

2008 தீர்ப்பை மனித உரிமை ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். அறிஞர்கள் எல்லோரும் கொண்டாடவில்லை. க்ரோன்யா டி புர்கா என்ற ஐரிஷ் சட்டப் பேராசிரியரின் விமர்சனம் கவனிக்கத் தக்கது. சர்வதேசச் சட்டத்துக்குள்ளேயே நியாயமான விசாரணைக்கான உரிமை இருக்கிறது. அதைக் கொண்டு பாதுகாப்புச் சபையைக் கேள்வி கேட்டிருக்கலாம். அதைவிட்டு, எங்கள் வீட்டுச் சட்டம்தான் எங்களுக்குப் பெரிது என்று நீதிமன்றம் கதவைச் சாத்திக்கொண்டது, இதையே மற்ற நாடுகளும் செய்தால் என்னவாகும் என்பது அவர் கவலை.

அந்தக் கவலைக்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. அதே 2008-ல் அமெரிக்காவில் ஒன்று நடந்தது. டெக்ஸாஸில் இரண்டு சிறுமிகளைக் கொன்ற குற்றத்துக்காக ஹோசே மெடெயின் என்ற மெக்சிகோ குடிமகனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. கைதானபோது தன் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை உண்டு என்பதை அவருக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட 51 மெக்சிகோ நாட்டவரின் வழக்குகளை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் உள்நாட்டுச் சட்டமாகத் தானாக ஆகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008 மார்ச்சில் கூறியது. ஆகஸ்ட் 5 அன்று மெடெயினுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. லக்சம்பர்க்கும் வாஷிங்டனும் ஒரே தூண்மீது சாய்ந்து நின்றன: எங்கள் அரசியலமைப்பே எங்களுக்கு மேல். ஓரிடத்தில் அது ஒருவருக்கு உரிமையைத் தந்தது, மற்ற இடத்தில் பறித்தது.

இதனால்தான் இந்தத் துறையில் இரண்டு முகாம்கள். அன்னே பீட்டர்ஸ் போன்றவர்கள், உலகமயத்தால் நாடுகளின் கையை விட்டு நழுவிய அதிகாரங்களுக்கு ஈடாக, சர்வதேசச் சட்டத்துக்குள் அரசியலமைப்புத் தன்மையை வளர்க்க வேண்டும் என்கிறார்கள். உலக அரசாங்கம் வேண்டும் என்பதல்ல அவர்கள் வாதம். இம்மானுவேல் கான்ட்டே 1795-ல் ஒற்றை உலக அரசை நம்பாமல் சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பைத்தான் முன்வைத்தார். நிகோ கிரிஷ் போன்ற பன்மைவாதிகளோ, உச்சியில் யார் என்ற கேள்விக்கு ஒரே பதில் தேட வேண்டாம், பல சட்ட ஒழுங்குகள் ஒன்றையொன்று உரசித் திருத்துவதே நடைமுறைக்கு நல்லது என்கிறார்கள்.

காதி வழக்கின் பின்விளைவைப் பார்த்தால் நமக்குப் பன்மைவாதிகளின் பக்கம் சற்றுக் கூடுதலாக உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. பாதுகாப்புச் சபை தானாகத் திருந்தவில்லை. ஐரோப்பிய நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் போயாரேஸ் மதூரோ, ஐ.நா.விலேயே சுதந்திரமான தீர்ப்பாயம் ஒன்று இருந்திருந்தால் நாங்கள் தலையிடாமல் இருந்திருக்கக்கூடும் என்ற பொருளில் எழுதியிருந்தார். எங்களை ஆராய வேண்டாம் என்றால் நீங்களே ஒரு நீதிபதியை வையுங்கள் என்ற செய்தி நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டு டிசம்பரில் தீர்மானம் 1904 மூலம் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைகேட்பு அதிகாரி பதவி உருவானது. 2010-ல் கனடாவின் கிம்பர்லி ப்ராஸ்ட் அந்த நாற்காலியில் முதலில் அமர்ந்தார். 2011-ல் தீர்மானம் 1989 அவருக்குப் பல் கொடுத்தது. பெயரை நீக்கலாம் என்று அவர் பரிந்துரைத்தால், 15 நாடுகளும் ஒருமித்து எதிர்த்தாலோ விவகாரம் பாதுகாப்புச் சபைக்கே அனுப்பப்பட்டாலோ தவிர, 60 நாளில் பெயர் நீங்கிவிடும். முன்பு நீக்குவதற்கு வேண்டியிருந்த ஒருமித்த சம்மதம் இப்போது வைத்திருப்பதற்கு வேண்டும். காதியின் பெயர் நீங்கியது இந்த வழியில்தான்.

இதைத் தீர்ப்பாயம் என்று சொல்ல முடியாது. அதிகாரியின் அறிக்கை ரகசியம். நாடுகள் தங்கள் உளவுத் தகவலை அவருக்குக் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலும் இந்த வாசல் அல் காயிதா, பின்னர் ஐ.எஸ். பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே. 2011-ல் தனியாகப் பிரிக்கப்பட்ட தாலிபான் பட்டியலுக்கும், மற்ற நாடுகள் தொடர்பான தடைப்பட்டியல்களுக்கும் இது கிடையாது.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் ஐ.நா. பட்டியலில் உள்ளவர்களின் சொத்தை முடக்கும் அதிகாரம் ஊபா சட்டத்தின் 51ஏ பிரிவில் இருக்கிறது. யாரைப் பட்டியலிடுவது என்பதை அந்தந்த நாட்டிடமே விடும் இன்னொரு தீர்மானமும் உண்டு. 2001 செப்டம்பர் 28 அன்று வந்த 1373. அதை நிறைவேற்றும் விதிகளின் கீழ் இலங்கை அரசு 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பட்டியலிட்டது. இப்படி ஒரு நாடே போடும் பட்டியலுக்கு ஐ.நா.வின் குறைகேட்பு அதிகாரி வரமாட்டார். அந்த நாட்டின் நீதிமன்றம்தான் ஒரே வாசல். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பது அந்த நாட்டைப் பொறுத்தது.

கிம்பர்லி ப்ராஸ்ட் பின்னர் தி ஹேக்கிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதியானார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அவரையே தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் மீதான விசாரணைக்கு அனுமதி தந்த தீர்ப்பை அதற்குக் காரணமாக அமெரிக்க வெளியுறவுத் துறை சொன்னது. அந்தப் பட்டியலுக்குக் குறைகேட்பு அதிகாரி யாரும் இல்லை. பெயரை நீக்கக் கோரும் மனுவை, பட்டியலை வைத்திருக்கும் அதே அமெரிக்கக் கருவூலத் துறையிடம்தான் கொடுக்க வேண்டும்.